பல்சக்கரத்தின் மேல் விழும் பழி

கிளாசிக்கல் கிட்டார் சுருதியில் நிற்கவில்லை என்று ஒருவர் சொன்னதும் முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான்: "மெஷின் தேஞ்சு போச்சு, மாத்திடுங்க." கடைக்காரர் சொல்வார், வகுப்பு எடுப்பவர் சொல்வார், யூட்யூபில் வீடியோ போடுபவரும் சொல்வார். சொல்வது சுலபம், விற்பதும் சுலபம். ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் பழைய செட்டைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடலாம். அந்தச் சாக்கில் தந்தியும் புதிதாக ஏறும், ரோலர் துளைகளில் இருந்த அழுக்கும் போகும். எல்லாம் சேர்ந்து கிட்டார் கொஞ்சம் உருப்படும். உடனே "பார்த்தீங்களா, மெஷின்தான்" என்பார்கள்.

இந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்பது என் கட்சி. மீதிப் பாதியில் வேறு யாரோ செய்த குற்றத்துக்குப் பல்சக்கரம் தண்டனை வாங்குகிறது. அதோடு போனால் பரவாயில்லை. பல சமயம் கிட்டாரே மூலைக்குப் போய்விடுகிறது, இல்லாவிட்டால் வாசிக்கிற பிள்ளைக்கு "காது சரியில்லை" என்ற பட்டம் கிடைக்கிறது. அதனால்தான் இவ்வளவு சின்ன சாமான் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சாமானைப் பார்ப்போம்

கிளாசிக்கல் கிட்டாரின் தலையில் இரண்டு நீள வெட்டுகள் இருக்கும். இரு பக்கமும் ஒவ்வொரு தகடு. ஒரு தகட்டுக்கு மூன்று பட்டன். பட்டனோடு சேர்ந்த தண்டில் திருகு மாதிரி மரை வெட்டியிருக்கும், அதுதான் வோர்ம். அந்த மரை ஒரு சின்னப் பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். சக்கரத்தின் அச்சு தலைக்குள் போய் ரோலராக நிற்கும். ரோலரில் தந்தியைக் கட்டுகிறோம். இந்த மொத்தத்தையும்தான் மெஷின், மெஷின் ஹெட், கீ, டியூனர் என்று ஆளுக்கொரு பெயரில் சொல்கிறார்கள்.

இதே வித்தையை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். கேஸ் அடுப்பின் ரப்பர் ட்யூபை இறுக்கிப் பிடிக்கும் உலோக கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். திருகைச் சுற்றினால் பட்டை நகரும். ஆனால் பட்டையை எவ்வளவு இழுத்தாலும் திருகு திரும்பாது. மரையின் சாய்வு மிகக் குறைவு, உராய்வு அதைவிட அதிகம். அதனால் இது ஒருவழிப் பாதை. பட்டன் ரோலரைத் திருப்பும், ரோலரால் பட்டனைத் திருப்ப முடியாது.

இதை மனசில் வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள். 14:1 என்று போட்டிருந்தால் சக்கரத்தில் 14 பல். பட்டனை 14 சுற்று சுற்றினால் ரோலர் 1 சுற்று வரும். இன்றைய ரோலர் பொதுவாக 10 மி.மீ. விட்டம். அதன் சுற்றளவு சுமார் 31.4 மி.மீ. ஆக, பட்டனின் ஒரு முழுச் சுற்று இழுப்பது சுமார் 2.2 மி.மீ. தந்தி. மறுமுனையில் நைலான் தந்தி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 5 முதல் 7 கிலோ இழுவையோடு இராப்பகலாக இழுத்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது கேள்வி. அந்த இழுவையில் ரோலர் தானாகப் பின்னால் உருளுமா? பல் முழுக்க அரைந்து, வோர்மை விட்டு நழுவினால் உருளும். அப்படி நடந்தால் "டக்" என்று சத்தமே கேட்கும், சுருதி கொஞ்சமாக இல்லாமல் ஒரேயடியாக விழும். பல் பாதி தேய்ந்த நிலையில் அது நடக்காது. தேய்ந்த பல்லும் வோர்மின் மேல் சாய்ந்து நிற்கத்தான் செய்யும். ராத்திரி சரியாக வைத்துவிட்டுப் போன மூன்றாம் தந்தி காலையில் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றால், அதற்குத் தேய்மானம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் அப்படித் தோன்றுகிறது?

காரணம் இருக்கிறது. பழைய மெஷினில் பட்டனைத் திருப்பும்போது கொஞ்ச தூரம் ஒன்றுமே நடக்காது. பட்டறைக்காரர்கள் இதை "ப்ளே" என்பார்கள். திசை மாற்றித் திருப்பினால்தான் இது அதிகம் தெரியும். கை அதை உணர்கிறது. "உள்ளே லூஸாயிடுச்சு, அதான் நிக்கல" என்று மனசு முடிவு கட்டுகிறது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். தந்தி எப்போதும் ஒரே பக்கமாகத்தான் இழுக்கிறது. அதனால் பல்லின் ஒரு முகம் எப்போதும் வோர்மோடு ஒட்டித்தான் இருக்க வேண்டும். காலி இடம் முழுக்க மறுபக்கம். பட்டனை இறக்கினால் தந்தி ரோலரை இழுத்து அந்தப் பல்லை வோர்மோடு ஒட்டியபடியே பின்தொடரச் செய்ய வேண்டும். எல்லாம் வழுக்கலாக ஓடினால், தேய்ந்த மெஷினிலும் தந்தி ஏறியிருக்கும்போது ப்ளே தெரியவே கூடாது!

தெரிகிறது என்றால், தந்தியின் இழுவை ரோலர் வரை வந்து சேரவில்லை என்று அர்த்தம். நடுவில் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு இடத்தில் பிடி விழலாம். ஒன்று நட், அதாவது விரல்பலகையின் தலைமாட்டில் தந்தி உட்காரும் வெள்ளைக் கட்டை. அதன் காடி குறுகலாக இருந்தால் தந்தியைக் கவ்வும். இன்னொன்று ரோலரின் முனை நுழையும் மரத்துளை. அது கோணலாக இருந்தாலோ, உள்ளே வார்னிஷ் வழிந்திருந்தாலோ ரோலர் சிக்கும்.

இப்படிச் சிக்கிய கிட்டாரில் பட்டனை இறக்கினால் வோர்ம் நகர்கிறது, ரோலர் அசைவதில்லை. பல்லுக்கும் வோர்முக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. டியூனரில் பச்சை விளக்கு எரிகிறது, நீங்கள் வாசிக்கத் தொடங்குகிறீர்கள். இரண்டு நிமிஷம் கழித்து, தந்தி அதிர்ந்து அதிர்ந்து அந்தப் பிடி விடுகிறது. ரோலர் அந்த இடைவெளி அளவுக்கு உருண்டு, பல் மறுபடி வோர்மில் போய் உட்காருகிறது. சுருதி இறங்கிவிட்டது.

தேய்மானம் அந்த இடைவெளியை அகலமாக்குகிறது, அவ்வளவுதான். கால் சுற்று ப்ளே இருந்தால் 14:1 மெஷினில் அது அரை மி.மீ.க்குச் சற்று மேல். கேட்கிற காதுக்கு அது போதும். ஆனால் விளைவைத் தொடங்கி வைத்தது உராய்வு. மெஷினை மாற்றினால் இடைவெளி சுருங்கும், பிடி அப்படியே இருக்கும். ஆறு மாசம் கழித்து மறுபடி அதே புகார். "எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்து" என்று பெரியவர்கள் சொல்லிக் கொடுப்பதன் காரணமும் இதுதான். ஏற்றி நிறுத்தினால் பல் வோர்மில் உட்கார்ந்தபடிதான் நிற்கும், விழுவதற்கு இடமே இருக்காது. அந்தப் பழக்கம் நல்ல பழக்கம். நோயை அது குணமாக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

விசாரிக்காமல் தீர்ப்பு வேண்டாம்

மெஷின் மாற்றுவதற்கு முன்னால் ஒரு நாள் செலவழித்தால் உண்மை தெரிந்துவிடும். தேவை ஒரு மெல்லிய மார்க்கர் பேனா.

தந்தியைச் சுருதிக்கு ஏற்றிவிட்டு நான்கு இடத்தில் குறி வையுங்கள். ஒன்று, பல்சக்கரத்திலிருந்து தகடு வரைக்கும் ஒரு சின்னக் கோடு. இரண்டு, ரோலரின் மேல் ஒரு புள்ளி, அதற்கு நேராகத் தலையில் சின்ன டேப் ஒட்டி ஒரு புள்ளி. மூன்று, தந்தி ரோலர் ஓட்டைக்குள் நுழையும் இடத்தில் தந்தியின் மேலேயே ஒரு குறி. நான்கு, பிரிட்ஜில் முடிச்சுப் போட்டிருக்கும் இடத்தில் அதே மாதிரி ஒரு குறி. மறுநாள் சுருதி இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குறிகளைப் பாருங்கள்.

எந்தக் குறியும் நகரவில்லை, சுருதி மட்டும் இறங்கியிருக்கிறது என்றால் மெஷின் நிரபராதி. தந்தி நீண்டிருக்கிறது. நைலான் அப்படித்தான். புதுத் தந்தி பல நாள் நீண்டுகொண்டே இருக்கும், வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் ஏறி இறங்கும். 1940களில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் தந்திகளைக் கொண்டுவருவதற்கு முன்னால் குடல் தந்திதான். அதோடு ஒப்பிட்டால் நைலான் வரம். ஆனால் ஸ்டீல் தந்தி கிட்டாரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த நீட்சி ஏதோ கோளாறு மாதிரித் தோன்றும்.

தந்தியின் மேல் வைத்த குறி நகர்ந்திருந்தால் முடிச்சு வழுக்கியிருக்கிறது. பிரிட்ஜில் முதல் தந்தி இப்படி வழுக்குவது சகஜம். அது வழவழப்பான ஒற்றை நைலான் இழை. முழுசாக நழுவினால் நுனி சுண்டி மேல்பலகையில் வடு போட்டுவிட்டுப் போகும். மெஷினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பல்சக்கரக் குறி அப்படியே இருக்கிறது, ரோலர் புள்ளி மட்டும் நகர்ந்திருக்கிறது என்றால் அது சுவாரசியமான வழக்கு. விலை குறைந்த மெஷின்களில் ரோலர் என்பது உலோகத் தண்டின் மேல் அழுத்திச் செருகிய பிளாஸ்டிக் குழாய். பிளாஸ்டிக் கிழடானால் விரிசல் விடும். விரிசல் விட்டதும் தண்டு நிற்க, குழாய் மட்டும் மெல்லச் சுற்றும். இதைப் பார்த்தபிறகு யோசிக்க வேண்டாம், மெஷினை மாற்றத்தான் வேண்டும். பழி வாங்கும் பல்சக்கரம் இங்கேயும் ஒரு தப்பும் செய்யவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

பல்சக்கரக் குறியே நகர்ந்திருந்தால்தான் சக்கரம் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. அப்போதும் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஸ்க்ரூவை முதலில் பாருங்கள். அது தளர்ந்தால் சக்கரம் தண்டின் மேல் ஆடும். கால் திருகு இறுக்கினால் சரியாகிற நோய்க்கு ஆபரேஷன் எதற்கு?

தெரிந்த பெண் ஒருத்தி, கல்லூரியில் படிக்கிறாள், மாமாவின் பழைய கிட்டாரை வைத்துக் கற்றுக்கொண்டிருந்தாள். நான்காம் தந்தி மட்டும் நிற்காது. வகுப்பில் "உனக்கு டி நோட் காதுல விழலையா?" என்று கேட்டுக் கேட்டு அவளே நம்பிவிட்டாள். "அண்ணா, எனக்குக் காதுல ஏதோ பிரச்சினை போல, விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். கடையிலோ மெஷின் போய்விட்டது, இதற்கெல்லாம் செலவு செய்வதற்குப் புது கிட்டாரே வாங்கிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். குறி வைத்துப் பார்த்தோம். பிளாஸ்டிக் ரோலர் வெடித்திருந்தது. மற்ற ஐந்தும் சுத்தம். ஒரு மத்தியான வேலையில் முடிந்த விஷயம் அது. அதற்காக ஒரு பெண்ணின் காதும் ஒரு நல்ல மரத்தின் ஆயுளும் பேரத்துக்கு வந்திருந்தன.

விகிதம் என்ற விற்பனைச் சொல்

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. சந்தைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது எண்கள். 14:1, 16:1, 18:1. எண் பெரிதாக இருந்தால் சரக்கு உசத்தி என்ற மாதிரி விளம்பரம் இருக்கும்.

கணக்கைத் திரும்பப் போடுவோம். 18:1ல் பட்டனின் ஒரு சுற்று சுமார் 1.7 மி.மீ. தந்தியை இழுக்கும். 14:1ல் 2.2. வித்தியாசம் சுமார் அரை மி.மீ. நுணுக்கமாக நிறுத்த இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நட் பிடிக்கிற கிட்டாரில் இந்த அரை மி.மீ.க்கு மதிப்பே கிடையாது. தந்தி பொறுத்திருந்து பொறுத்திருந்து ஒரே தாவாகத் தாவும். இன்னொன்று, அதே அளவுச் சக்கரத்தில் 14க்குப் பதில் 18 பல் வெட்டினால் ஒவ்வொரு பல்லும் மெலியத்தான் செய்யும். நல்ல உலோகத்தில் நன்றாக வெட்டினால் கவலையில்லை. மலிவுத் தகட்டில் மெல்லிய பல் என்பது ஆயுளைக் குறைத்து வாங்கிய நுணுக்கம். என்னைக் கேட்டால், கோணல் இல்லாமல் செய்த 14:1, அவசரமாகச் செய்த 18:1ஐ விட மேல்.

இரண்டாவது, அலங்காரம். யாழ் வடிவத் தகடு, பூவேலை, முத்துச்சிப்பி பட்டன். இங்கிலாந்தின் ராட்ஜர்ஸ், இத்தாலியின் அலெஸ்ஸி போன்ற பட்டறைகளின் வேலையைப் படத்தில் பார்த்தாலே கை நீளும். அதில் பொய் இல்லை. செதுக்கியவர் உள்ளே இருக்கும் மரையையும் அதே கவனத்தோடு வெட்டியிருக்கிறார். என் புகார் அவர்கள் மேல் அல்ல. அதே யாழ் வடிவத்தை மெல்லிய தகட்டில் அச்சடித்து, மேலே தங்க நிறம் பூசி, உள்ளே பழைய பிளாஸ்டிக் ரோலரையே செருகி "டீலக்ஸ்" என்று விற்கிறார்களே, அதுதான் புகார். பணம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிற பக்கத்தில் செலவாகியிருக்கிறது. சுருதி நிற்பது கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில்.

1966ல் 'கிளாசிக் கிட்டார் கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற புத்தகத்தை எழுதிய இர்விங் ஸ்லோன் பிற்பாடு தானே மெஷின் வடிவமைக்கவும் இறங்கினார். கிட்டார் கட்டச் சொல்லிக் கொடுத்தவரே கடையில் கிடைக்கும் மெஷினோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதிலேயே இந்தச் சாமான் மேல் ஒரு விமர்சனம் இருக்கிறது. இன்று அந்த அளவு செலவு செய்யாமலே கோட்டோ, ஷாலர் மாதிரி நிறுவனங்களின் நடுத்தர மெஷின்கள் ஒரு மாணவருக்குத் தாராளமாகப் போதும்.

மூன்று பேருக்கு ஒரே தகடு

என்னுடைய பெரிய ஆட்சேபம் வேறு. ஒரு தகட்டில் மூன்று மெஷின். ஒன்று கெட்டால் மூன்றும் கழல வேண்டும். மலிவுச் செட்டில் தண்டுகளை ரிவெட் அடித்து மூடியிருப்பார்கள்; நாலாம் தந்திக்காரன் செத்தால் ஐந்தும் ஆறும் உடன்கட்டை. கடையில் அரைச் செட் கேட்டால் தர மாட்டார்கள், ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். வெடித்தது ஒரு பிளாஸ்டிக் குழாய், குப்பைக்குப் போவது ஆறு மெஷின்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஆரம்பத்தில் கிட்டாருக்கும் நம் வீணை, தம்புரா மாதிரி மரப் பிரடைதான். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டனில் லூயி பனோர்மோ செய்த கிட்டார்களில் மெஷின் வந்துவிட்டது. இன்றைய கிட்டாரின் உருவத்தை வகுத்தவரென்று சொல்லப்படும் அந்தோனியோ டி டோரஸ் (1817–1892) இரண்டையும் பயன்படுத்தியிருக்கிறார். ஃபிளமெங்கோ கிட்டாரில் மரப் பிரடை 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

பிரடையை நான் கொண்டாடவில்லை. அதன் விகிதம் 1:1. விரல் ஒரு டிகிரி பிசகினால் ரோலரும் அதே ஒரு டிகிரி பிசகும். மெஷினில் அதே ஒரு டிகிரிக்குப் பட்டனை 14 டிகிரி திருப்ப வேண்டும், அதாவது அவ்வளவு தூரம் கைக்கு மன்னிப்பு உண்டு. வீணைக்காரர்கள் அதனால்தான் பிரடையில் கிட்டத்தட்ட வைத்துவிட்டு, கடைசி நூலிழையை லங்கர் வளையத்தில் சரிசெய்கிறார்கள். இப்போது பல வீணைகளில் பிரடைக்குப் பதில் கிட்டார் கீ மாட்டிக் கொடுக்கிறார்கள். வாசிப்பவருக்குச் சௌகரியம், சந்தேகமில்லை.

ஆனால் கொடுக்கல் வாங்கலையும் பார்க்க வேண்டும். பிரடை வழுக்கினால் கொஞ்சம் சாக்பீஸ் பொடி. தேய்ந்தால் ஊரில் இருக்கும் ஆசாரி ஒருவர் இன்னொன்று கடைந்து கொடுப்பார். கெட்டதை மட்டும் மாற்றலாம். மெஷின் வந்தபோது சுருதி வைப்பது எளிதானது, பழுது பார்ப்பது நம் கையைவிட்டுப் போனது. அது ஒன்றும் இயற்கை விதி இல்லை. ரிவெட்டுக்குப் பதில் ஸ்க்ரூ, தனியாகக் கிடைக்கும் ரோலர், தனியாகக் கிடைக்கும் சக்கரம் என்று செய்தால் முடிந்த கதை. நல்ல மெஷின்களில் சக்கரத்தையும் பட்டனையும் கழற்றி மாற்ற முடியும். மலிவு மெஷினில்தான் முடியாது. அதிகம் கெடுவதோ மலிவு மெஷின். பழுது பார்க்கும் வசதி தேவைப்படாதவர்களுக்குத்தான் கிடைக்கிறது.

35 என்ற எண்ணுக்கு ஒரு கும்பிடு

இவ்வளவு திட்டியபிறகு ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். ஒரு ரோலரின் மையத்திலிருந்து அடுத்த ரோலரின் மையத்துக்கு 35 மி.மீ. ஸ்பெயினில் செய்ததோ, ஜப்பானில் செய்ததோ, சீனாவில் செய்ததோ, இன்றைய கிளாசிக்கல் கிட்டார் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். இதற்கு விதிவிலக்கு உண்டு, 39 மி.மீ. வைத்த கிட்டார்களும் இருக்கின்றன, பழையவற்றில் எதுவும் இருக்கலாம். ஆனால் இந்த ஓர் ஒற்றுமையால்தான் மாமாவின் கிட்டாருக்கு இன்று தயாரான மெஷின் பொருந்துகிறது. வாரண்டி அட்டை எதுவும் செய்யாத உபகாரத்தை இந்த எண் செய்கிறது.

அதனால் மாற்றுவதற்கு முன் முதல் வேலை அளப்பது. பக்கத்து ரோலர்களை மட்டும் அளக்காமல், முதலாவதிலிருந்து மூன்றாவது வரை ஒரே அளவாக எடுங்கள். 70 வந்தால் 35தான். அப்படி அளந்தால் ஸ்கேல் பிசகு பாதியாகிவிடும். ரோலரின் விட்டம், நீளம், தகட்டின் அகலம், தலையின் கனம் இவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இடைவெளி ஒரு மி.மீ. தப்பினாலும் "தள்ளிப் பிடித்து ஸ்க்ரூ போட்டுடலாம்" என்ற யோசனை வேண்டாம். அதுதான் ரோலரைக் கோணலாக்கி, அடுத்த தேய்மானத்தை அன்றைக்கே தொடங்கி வைக்கும்.

அடுத்து, வலது இடது. தந்தி ரோலரை உடல் பக்கமாக இழுக்கிறது. வோர்ம் சக்கரத்துக்கு உடல் பக்கம் இருந்தால் அந்த இழுவை சக்கரத்தை வோர்மோடு சேர்த்து அழுத்தும். தகடுகளை மாற்றிப் போட்டால் வோர்ம் மறுபக்கம் போய்விடும், இழுவை சக்கரத்தை வோர்மிலிருந்து பிரிக்கப் பார்க்கும். யாழ் வடிவத் தகடென்றால் தலைகீழாக இருப்பது கண்ணுக்கே தெரியும். இரு முனையும் ஒரே மாதிரியான தகடென்றால் தெரியாது. பழைய மலிவு கிட்டாரில் மெஷின் அடிக்கடி தேய்கிறதென்றால் இதையும் ஒரு பார்வை பாருங்கள்.

மாட்டுவதைப் பற்றி நீட்ட மாட்டேன், முக்கியமான நான்கு மட்டும். ஸ்க்ரூ போடாமல் முதலில் சும்மா செருகி, ஒவ்வொரு ரோலரும் விரலால் லேசாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். சிக்கினால் துளைக்குள் உப்புத்தாளைச் சுருட்டி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், டிரில்லைத் தொடாதீர்கள். ஸ்க்ரூ போட்டதும் இறுக்கமானால் தகடு வளைகிறது என்று அர்த்தம், ஸ்க்ரூவைத் தளர்த்திக் காரணத்தைத் தேடுங்கள். பழைய ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகிவிட்டிருந்தால் பல்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் திருகுங்கள். கட்டை மரத்தில் வறட்டுத் திருகாகத் திருகினால் சின்ன ஸ்க்ரூ தலை முறிந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் நம்மாட்களுக்குத் தாராள மனசு. தேங்காய் எண்ணெய் விட்டுப் பிசுக்காக்கி வைத்த மெஷினைப் பார்த்திருக்கிறேன். வோர்ம் பல்லைத் தொடும் இடத்தில் ஊசி முனையில் எடுத்த வாசலின் போதும். மரத்தில் எண்ணெய் இறங்கக் கூடாது. கடலோர ஊர்களில் பித்தளையில் களிம்பு ஏறும். பழைய டூத்பிரஷால் துடைத்து இந்தத் துளி வாசலினை வைத்தாலே, "தேஞ்சு போச்சு" என்று சொல்லப்பட்ட பல மெஷின்கள் எழுந்து உட்காரும்.

இன்னொரு சின்ன வித்தை. சிலர் தந்தி கட்டும்போது எப்போதும் ஒரே அளவு தளர்வு விட்டுத்தான் கட்டுவார்கள். அப்படியானால் சுருதியில் நிற்கும்போது எப்போதும் அதே ஒன்றிரண்டு பல்தான் பாரம் தாங்கும். அடுத்த முறை தந்தி மாற்றும்போது 16 மி.மீ. கூடுதலாக விட்டுக் கட்டிப் பாருங்கள். அது ரோலரின் அரைச் சுற்று. 14 பல் சக்கரத்தில் ஏழு பல் தள்ளி, எதிர்ப்பக்கத்துப் புதுப் பல் பாரத்துக்கு வரும். காசில்லாமல் சக்கரத்துக்கு இன்னொரு ஆயுள்.

எப்போது மாற்றவே கூடாது

கடைசியாக ஒன்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் செகோவியாவிடம் இருந்த 1937ஆம் வருஷத்து ஹவுசர் கிட்டார் இருக்கிறது. அப்படிப்பட்ட வாத்தியத்தில் தேய்ந்த பல்லும் ஓர் ஆவணம். நம் வீட்டுப் பரணில் இருப்பது ஹவுசர் இல்லைதான். ஆனாலும் கையால் செய்த பழைய கிட்டாராக இருந்து, ரோலர் மெல்லியதாக இருந்தால், புது மெஷினுக்காகத் துளைகளை 10 மி.மீ.க்குக் குடைந்து விடாதீர்கள். குடைந்த மரம் திரும்ப வராது. கழற்றிய மெஷினைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பின்னால் யாருக்காவது ஒரு சக்கரமோ ஒரு ஸ்க்ரூவோ அதிலிருந்து கிடைக்கும்.

மற்றபடி என் தீர்ப்பு இது. ரோலர் வெடித்ததா, தண்டு வளைந்ததா, பல் நழுவுகிறதா: மாற்றுங்கள், தயங்க வேண்டாம். இவை மூன்றும் இல்லையென்றால் முதலில் நட்டைப் பாருங்கள், துளையைப் பாருங்கள், முடிச்சைப் பாருங்கள். யாருடைய காதையும் சந்தேகப்படுவது அதற்கெல்லாம் அப்புறம். நட் காடியை எப்படிச் சரிபார்ப்பது என்பது தனிக் கதை, அதை இன்னொரு குறிப்பில் எழுதுகிறேன்.